சிட்னியில் திமிங்கலம் பார்க்க: முதன்முறை படகேறுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜூன் பிறந்தால் சிட்னித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு கேள்விகள் தவறாமல் வந்து விழும். ஹீட்டர் போட்டால் கரண்ட் பில் எவ்வளவு எகிறும் என்பது ஒன்று. திமிங்கலம் பார்க்க எந்தப் படகில் போகலாம் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என்னிடம் ஆறுதலான பதில் இல்லை. இரண்டாவதற்கு இருக்கிறது: படகைத் தேடும் முன் நாளைத் தேடுங்கள். சீசன் நடுவில் போனால் திமிங்கலம் பெரும்பாலும் கண்ணில் பட்டுவிடும். அதை ரசிக்கிற நிலையில் நீங்கள் இருப்பீர்களா, காகிதப் பையைப் பிடித்துக்கொண்டு ஒரு மூலையில் சுருண்டிருப்பீர்களா என்பதை அன்றைய கடல்தான் முடிவு செய்யும்.

இந்தக் கரையைக் கடந்துபோவது ஹம்ப்பேக் எனப்படும் கூன்முதுகுத் திமிங்கலம். நன்கு வளர்ந்தது 14 முதல் 16 மீட்டர் நீளம் இருக்கும். எடை 40 டன் வரை போகும். கோடை முழுக்க அண்டார்டிகா கடலில் கூனி இறால் போன்ற கிரிலைத் தின்று கொழுத்துவிட்டு, குளிர் தொடங்கியதும் இணை சேரவும் குட்டி போடவும் கிரேட் பேரியர் ரீஃப் பக்கத்து வெதுவெதுப்பான நீருக்குக் கிளம்பிவிடும். ஒரு வழிக்கே ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர். வழியில் பெரிதாகச் சாப்பாடு கிடையாது. சிட்னி அதற்குத் தங்குமிடம் அல்ல, போகிற வழி. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற பல விஷயங்கள் தாமாகப் புரிந்துவிடும்.

முதலில் மாதம்

மே நடுப்பகுதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை சீசன். அதற்குள் இரண்டு பாதி உண்டு. இரண்டும் வெவ்வேறு அனுபவம்.

முதல் பாதியில் திமிங்கலங்கள் வடக்கே போகின்றன. ஜூன் கடைசியும் ஜூலை தொடக்கமும்தான் உச்சம். கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதால், எதிர்நீச்சலைத் தவிர்க்க அவை கரையை ஒட்டியே வரும். அதனால்தான் துறைமுக வாயைத் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே படகுகளுக்கு அகப்பட்டுவிடுகின்றன. குளிர் கடுமையாக இருக்கும். எண்ணிக்கையும் அதிகம், துள்ளலும் அதிகம்.

ஆகஸ்டுக்கு மேல் அதே கூட்டம் தெற்கே திரும்பும். தாய்களும் குட்டிகளும் கடைசியில், செப்டம்பர், அக்டோபரில் வரும். பிறக்கும்போதே 4 மீட்டருக்கு மேல் நீளமும் ஒரு டன் அளவுக்கு எடையும் உள்ள ‘குட்டி’ அது. இப்போது நீரோட்டம் முதுகுப் பக்கம் தள்ளுவதால் கரையை விட்டு விலகியும் போகலாம். படகு கூடுதல் தூரம் ஓட வேண்டியிருக்கும். ஆனால் குட்டி இருப்பதால் நின்று நிதானமாகப் போகும். வெயிலும் இதமாக இருக்கும். செப்டம்பர் இறுதிப் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிப்போக நினைப்பவர்களுக்கு இந்தப் பாதிதான் பொருத்தம்.

என்னைக் கேட்டால் ஜூலை முதல் வாரத்தில், ஒரு வாரநாள் காலை. விடுமுறைச் சனி ஞாயிறுகளில் படகின் தடுப்புக் கம்பி ஓரத்தில் ஓர் இடம் பிடிப்பதே பெரும்பாடு.

அடுத்து நாள்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

டிக்கெட் எடுப்பதற்கு முன்பும், கிளம்பும் நாளுக்கு முந்தைய மாலையும் ஆஸ்திரேலிய வானிலை ஆய்வகத்தின் கடல் முன்னறிவிப்பைப் பாருங்கள். சிட்னிக்கு இரண்டு முன்னறிவிப்பு இருக்கும். ஒன்று துறைமுகத்துக்கு உள்ளே இருக்கும் தண்ணீருக்கு. அது எப்போதும் சமத்தாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. உங்களுக்கு வேண்டியது புரோக்கன் பே முதல் போர்ட் ஹேக்கிங் வரையிலான கரையோரக் கடலுக்கானது.

அதில் மூன்று விஷயங்கள் போதும்.

காற்றின் வேகம் நாட் கணக்கில் இருக்கும்; ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். 15 நாட் வேகத்துக்குள் இருந்தால் புதியவர்கள் தாராளமாகப் போகலாம். அதைத் தாண்டினால் கடல் முழுக்க வெள்ளை நுரை பூத்துவிடும். வயிற்றுப் பிரச்சினை ஒருபுறம் இருக்கட்டும், திமிங்கலம் ஊதும் நீர்ப்புகைக்கும் அலை நுரைக்கும் வித்தியாசம் தெரியாமல் கண் பூத்துப்போகும்.

காற்றின் திசை அதைவிட முக்கியம். குளிர்காலத்தில் அடிக்கடி மேற்கிலிருந்து வீசும். நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் காற்று அது. கரையோரத்தில் அலை எழும்ப அதற்கு இடமே கிடைப்பதில்லை. காது மடல் விறைத்தாலும் கடல் தட்டையாகக் கிடக்கும். தெற்குக் காற்று அப்படியல்ல, நீண்ட தூரம் கடலைத் தள்ளிக்கொண்டு வரும். தெற்கத்திக் காற்று அடித்து ஓய்ந்த மறுநாளும் அலை அடங்காது. வெயில் அடிக்கிறதே என்று நம்பிப் போய்விட வேண்டாம். வசந்த காலத்தில் மதியத்துக்கு மேல் வடகிழக்குக் காற்று கிளம்பும். ஆகவே செப்டம்பர், அக்டோபரில் காலைப் படகு.

மூன்றாவது ஸ்வெல். எங்கோ தொலைவில் எழுந்து வந்துசேரும் நீண்ட அலையைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். முதல் பயணத்துக்கு 2 மீட்டருக்கு மேல் வேண்டாம். உயரத்தை மட்டும் பார்க்காமல், இரண்டு அலைகளுக்கு இடையே எத்தனை விநாடி என்பதையும் பாருங்கள். அலை முன்னறிவிப்புத் தரும் இணையதளங்களிலும் செயலிகளிலும் அது கிடைக்கும். 2 மீட்டர் அலை 12 விநாடிக்கு ஒருமுறை வந்தால் படகு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். அதே 2 மீட்டர் 7 விநாடிக்கு ஒருமுறை வந்தால், பள்ளம் விழுந்த சாலையில் ஷேர் ஆட்டோவின் பின் சீட்டில் உட்கார்ந்த கதைதான். முன்னறிவிப்பில் வருவது சராசரிக் கணக்கு. சில தனி அலைகள் அதைப்போல் இரண்டு மடங்கு வரை எழலாம் என்று வானிலை ஆய்வகமே எச்சரிக்கிறது.

படகு கம்பெனிகள் ஆபத்து என்றால்தான் பயணத்தை ரத்து செய்யும், உங்களுக்கு அசௌகரியம் என்பதற்காகச் செய்யாது. அதனால் தேதி மாற்ற அனுமதிக்கும் டிக்கெட்டாகப் பார்த்து எடுங்கள். கொஞ்சம் கூடுதல் விலையானாலும் பரவாயில்லை.

படகும் டிக்கெட்டும்

சர்குலர் கீயிலிருந்தும் டார்லிங் ஹார்பரிலிருந்தும் பெரும்பாலான படகுகள் கிளம்புகின்றன. சில மேன்லியில் ஏற்றிக்கொள்ளும். பயணம் 2 முதல் 4 மணி நேரம். இரண்டு மணி நேரப் பயணத்தில் துறைமுக வாயைத் தாண்டவும் திரும்பவுமே பாதி நேரம் போய்விடும் என்பதால் 3 மணி நேரத்துக்குக் குறையாமல் எடுப்பது நல்லது.

இரட்டை அடிப்பாகம் கொண்ட பெரிய கேட்டமரான் படகில் கழிப்பறை உண்டு, டீக்கடை உண்டு, மேல்தளம் உண்டு, ஆட்டமும் குறைவு. குடும்பமாகப் போவோருக்கு இதுதான். காற்றடைத்த பக்கங்கள் கொண்ட சிறு வேகப்படகில் தண்ணீர் மட்டத்துக்கு அருகே உட்கார்ந்து பார்ப்பது வேறு சுகம். ஆனால் தூக்கித் தூக்கிப் போடும், நனையும், கழிப்பறை இருக்காது. கர்ப்பிணிகள், முதுகுவலிக்காரர்கள், சிறு பிள்ளைகள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

‘திமிங்கலம் உறுதி’ என்ற விளம்பரத்தின் அடியில் இருக்கும் சிறிய எழுத்தைப் படியுங்கள். பணம் திரும்ப வராது. இன்னொரு பயணம் இலவசம் என்பதுதான் வழக்கமான ஏற்பாடு. அதற்குக் காலக்கெடு என்ன, சனி ஞாயிறில் செல்லுமா, டால்பின் தெரிந்தாலும் கணக்கில் சேர்த்துவிடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், அடுத்த வாரம் திரும்புகிறார்கள் என்றால், பயணத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். இலவச டிக்கெட் கையில் இருந்தும் பயன்படுத்த ஆள் இருக்க மாட்டார்கள்.

வயிறு

‘எனக்கெல்லாம் கார், பஸ் எதிலும் வாந்தி வராது’ என்பவர்களும் மாத்திரை போட்டுக்கொள்வதே நல்லது. கடல் வேறு. துறைமுகத்துக்குள் படகு அசையவே அசையாது. எல்லோரும் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நார்த் ஹெட், சவுத் ஹெட் என்ற இரண்டு பாறை முனைகளைத் தாண்டிய கணத்தில் முதல் ஸ்வெல் படகைத் தூக்கும். அந்த நேரத்தில் மாத்திரை போட்டுப் பயனில்லை. கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட்டிருக்க வேண்டும்.

ஊரில் பஸ்ஸுக்கு அவோமின் போட்டுப் பழகியவர்கள் இங்குள்ள ஃபார்மசியில் பயண வாந்திக்கான மாத்திரை என்று கேட்டால் தருவார்கள். சிலவற்றில் ஹயோசின் என்ற மருந்து இருக்கும். கண் அழுத்த நோய், புராஸ்டேட் தொல்லை உள்ள பெரியவர்களுக்கு அது ஒத்துவராது. ஆகவே அப்பாவுக்கு வாங்கும்போது ஃபார்மசிஸ்டிடம் அவர் சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் சொல்லிக் கேளுங்கள். தூக்கம் வரும் என்பதால், மாத்திரை போட்டவர் திரும்பும்போது கார் ஓட்டக் கூடாது.

வெறும் வயிறு இன்னும் மோசம். இரண்டு இட்லி, கொஞ்சம் சட்னி போதும். பூரி மசாலா, வடை, ஃபில்டர் காபி இவற்றைத் திரும்பி வந்து வைத்துக்கொள்ளலாம். இஞ்சி முரப்பா பையில் இருக்கட்டும். வென்ட்வர்த்வில் பக்கத்து மளிகைக் கடைகளில் தேடினால் கிடைக்கும்.

படகில் கீழ்த்தளத்தின் பின்பகுதியில்தான் ஆட்டம் குறைவு. தலை சுற்ற ஆரம்பித்தால் எல்லோரும் செய்வது, உள்ளே போய் உட்கார்ந்துகொள்வது. அது நிலைமையை மோசமாக்கும். வெளியே, காற்றுப் படும் இடத்தில் நின்று தொடுவானத்தைப் பாருங்கள். போனைப் பார்க்காதீர்கள். வந்தே தீரும் என்றால் ஊழியர்களிடம் பை கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, அவர்களுக்கு இது தினசரி வேலை. கம்பிக்கு வெளியே தலையை நீட்டுபவர்கள் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் பின்னால் நிற்பவர்கள் நன்றியோடு இருப்பார்கள்.

உடை, பை, ரயில்

கரையில் 17 டிகிரி என்றால் கடலில் காற்றோடு அதைவிடப் பல டிகிரி குறைவாகத்தான் உடம்புக்குத் தெரியும். காற்றுப் புகாத ஜாக்கெட், காதை மூடும் தொப்பி, செருப்பு அல்ல, பிடிப்புள்ள ஷூ. சேலை, வேட்டி வேண்டாம், ஏணிப்படியில் சிக்கும். குளிரானாலும் சன்ஸ்கிரீன் போடுங்கள். பைனாகுலர் இருந்தால் 7 அல்லது 8 மடங்கு பெரிதாக்குவது போதும், அதற்கு மேல் போனால் படகின் ஆட்டத்தில் எதுவும் நிற்காது.

மேற்குப் புறநகர்களிலிருந்து ரயிலில் வருபவர்கள் சனி ஞாயிறில் தண்டவாள வேலை இருக்கிறதா என்று முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். ரயிலுக்குப் பதில் பஸ் விட்டிருந்தால் நேரம் எக்கச்சக்கமாக இழுக்கும், படகு காத்திராது.

கடலில் எங்கே பார்ப்பது

கேப்டன் ஒலிபெருக்கியில் ‘டூ ஓ கிளாக்’ என்பார். மணி கேட்டுச் சொல்லவில்லை, திசை சொல்கிறார். படகின் முன்முனை 12, வலப்பக்கம் 3, பின்புறம் 6, இடப்பக்கம் 9. பிள்ளைகளுக்கு இதை ரயிலிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டால் பெரியவர்களுக்கு முன் அவர்கள் பார்த்துவிடுவார்கள்.

தேட வேண்டியது திமிங்கலத்தை அல்ல, அதன் மூச்சை. மூன்று மீட்டர் உயரத்துக்குப் புதர்போல் பரந்து எழும் வெண்ணிற நீர்ப்புகை, இரண்டு மூன்று விநாடியில் கலைந்துவிடும். தொடுவானத்துக்குச் சற்றுக் கீழே கண்ணை இடம் வலமாக மெதுவாக ஓட்டுங்கள்.

ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதன் போக்கைக் கவனியுங்கள். சில விநாடி இடைவெளியில் மூன்று நான்கு முறை மூச்சு விடும். பிறகு முதுகு வழக்கத்தைவிட உயரமாக வளையும். அடுத்து வால் எழும், ஆழத்தில் மூழ்கப்போகிறது என்று அர்த்தம். நிறைய பேர் முதல் மூச்சைப் பார்த்ததும் படம் எடுத்துவிட்டுப் போனை இறக்கிவிடுகிறார்கள்; வால் எழும் கணம் தப்பிவிடும்.

வால் மறைந்த இடத்தில் தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல் வட்டமாக வழுவழுப்பாகிக் கிடக்கும். வால் கீழே தள்ளிய நீர் மேலெழுந்து சிற்றலைகளை அழுத்துவதால் வருவது அது. புதியவர்கள் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். திமிங்கலம் அங்கே இருக்காது. மணிக்கு 5 முதல் 8 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், ஆறு நிமிடம் மூழ்கியிருந்தால் அரைக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளித்தான் எழும். அது போய்க்கொண்டிருந்த திசையில், முன்னே பாருங்கள்.

உடம்பு முழுவதையும் தண்ணீருக்கு வெளியே வீசி விழுவதை எல்லோரும் எதிர்பார்த்து வருகிறார்கள். ஏன் அப்படிக் குதிக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பயணிகளுக்குத் தேவையான விஷயம் ஒன்று உண்டு: ஒருமுறை குதித்தது மறுபடியும் குதிக்க வாய்ப்பு அதிகம். முதல் குதிப்பைக் கண்ணால் பாருங்கள், இரண்டாவதற்குக் கேமராவைத் தயாராக வையுங்கள். இலங்கையில் மிரிசாவிலோ திருகோணமலையிலோ நீலத்திமிங்கலம் பார்த்தவர்களுக்கு இங்கே ஆச்சரியம் காத்திருக்கிறது. நீலத்திமிங்கலம் அளவில் பெரிது. ஆனால் நீண்ட முதுகைக் காட்டிவிட்டுப் போய்விடும். ஹம்ப்பேக் வாலை அடிக்கும், நெஞ்சுத் துடுப்பை அடிக்கும், தலையை நீட்டி எட்டிப் பார்க்கும்.

அந்தத் துடுப்பு உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும். அடிப்பக்கம் வெள்ளை. படகுக்குப் பக்கத்தில் திமிங்கலம் வந்தால் முதலில் தெரிவது அதன் உடம்பு அல்ல. கரும்பச்சைத் தண்ணீருக்கடியில் வெளிர்பச்சையாக ஒரு நீளமான வெளிச்சம் நகரும். அதுதான் துடுப்பு. அந்தப் பச்சை வெளிறிக்கொண்டே வந்தால் மேலே வருகிறது என்று பொருள். தலையில் முண்டு முண்டாக இருப்பவை ஒவ்வொன்றிலும் ஒரு மயிர்க்கால் உண்டு. பாலூட்டி என்பதற்கு மிச்சமிருக்கும் அடையாளம். காற்றடிக்கும் வாக்கில் நீங்கள் நின்றிருந்தால் மூச்சுத் துளிகள் முகத்தில் விழும். கெட்டுப்போன மீன் வாடை. கண்ணாடி போட்டிருப்பவர்கள் துடைக்கத் துணி வைத்துக்கொள்ளுங்கள், அது நல்ல தண்ணீர்போல் போகாது.

‘இன்னும் கிட்டே போங்க’ என்று சொல்லாதீர்கள்

100 மீட்டருக்குள் படகு நெருங்கக் கூடாது. குட்டி இருந்தால் 300 மீட்டர். முன்னால் போய் வழிமறிக்கவும், நேர் பின்னால் துரத்தவும் கூடாது. 300 மீட்டர் வட்டத்துக்குள் ஒரே நேரத்தில் மூன்று படகுகளுக்கு மேல் இருக்கவும் கூடாது. ட்ரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால் அதற்கும் 100 மீட்டர் விதி உண்டு. திமிங்கலமே ஆர்வப்பட்டுப் படகருகே வருவது வேறு. அப்போது கேப்டன் எஞ்சினை நியூட்ரலில் போட்டுவிட்டு நிற்பார். நல்ல கேப்டனுக்கு அடையாளம் துரத்தாமல் பக்கவாட்டில் ஒதுங்கிக் காத்திருப்பது. காசு கொடுத்தாயிற்றே என்று அவரை நெருக்குபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

இந்த விதிகளுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பிரிஸ்பேனுக்கு எதிரே மோர்டன் தீவில் தங்கலூமா என்ற இடத்தில் 1952 முதல் 1962 வரை நடந்த திமிங்கல வேட்டை நிலையம் 6,277 ஹம்ப்பேக்குகளைக் கொன்றது. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பைரன் பேயிலும் ஒன்று இருந்தது. இரண்டுமே 1962இல் மூடப்பட்டதற்கு, பிடிக்கத் திமிங்கலம் மிஞ்சவில்லை என்பதே காரணம். வேட்டை உச்சத்தில் 1,500 ஆகக் குறைந்திருந்த ஆஸ்திரேலிய ஹம்ப்பேக்குகள் 40,000 அளவுக்குப் பெருகிவிட்டதாகச் சொல்லி, 2022இல் அரசு அவற்றை அழிவாபத்துப் பட்டியலிலிருந்து நீக்கியது. தங்கலூமாவில் இப்போது சுற்றுலா விடுதி நடக்கிறது. அங்கிருந்தும் திமிங்கலம் பார்க்கப் படகு விடுகிறார்கள்.

பிள்ளைகள் ‘மிகலூ வருமா?’ என்று கேட்பார்கள். 1991இல் பைரன் பே அருகே முதலில் தெரிந்த முழு வெள்ளைத் திமிங்கலம் அது. உறுதியாகப் பார்க்கப்பட்டது கடைசியாக 2020இல். வேறு வெள்ளை வயிற்றைப் பார்த்துவிட்டு ‘மிகலூ!’ என்று கத்துபவர் படகுக்கு ஒருவராவது இருப்பார்.

படம்

போனில் ஜூம் செய்யாதீர்கள். அகலமாக வீடியோ எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். கேமரா என்றால் ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குக் குறையாமல், தொடர் படமாக. வாலின் அடிப்பக்கம் தெளிவாக விழுந்த படம் கிடைத்தால் அழிக்க வேண்டாம். கறுப்பு வெள்ளைத் திட்டுகள் ஒவ்வொரு திமிங்கலத்துக்கும் வேறு, நம் கைரேகை மாதிரி. ஹேப்பிவேல் என்ற இணையதளத்தில் படத்தை ஏற்றினால், அதே திமிங்கலம் இதற்கு முன் எங்கே பதிவாகியிருக்கிறது என்று தேடிச் சொல்வார்கள். கட்டணமில்லை.

படகு ஏற முடியாதவர்களுக்கு

மூட்டுவலியோடு வந்திருக்கும் அம்மாவைப் படகில் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கர்னெலில் உள்ள கமே பாட்டனி பே தேசியப் பூங்காவின் கேப் சொலாண்டர் முனையிலிருந்து, உச்ச வாரங்களில் கரையில் நின்றபடியே பார்க்கலாம். வண்டிக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. நார்த் ஹெட்டில் ஃபேர்ஃபாக்ஸ் நடைபாதை தளம் போட்டது, சக்கர நாற்காலி போகும். திமிங்கல மீட்புக்கான தன்னார்வ அமைப்பான ஓர்க்கா ஜூன் கடைசி ஞாயிறை ஒட்டிக் கரையோரக் கணக்கெடுப்பு நடத்துகிறது. அன்றைக்கு ஏதாவது ஒரு முனைக்குப் போனால், எங்கே பார்ப்பது என்று சொல்லித்தர பைனாகுலரோடு நாலு பேர் இருப்பார்கள்.

கரையிலிருந்து பார்க்கப் படகுக்கு நேர்மாறான நேரம் பொருந்தும். காலையில் சூரியன் கடல் பக்கமிருந்து கண்ணில் அடிக்கும். மதியத்துக்கு மேல் போனால் வெயில் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும், நீர்ப்புகை பளிச்சென்று தெரியும். ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டியிருக்கும் என்பதால் மடக்கு நாற்காலியும் பிளாஸ்கில் டீயும் எடுத்துப்போங்கள். பாறை முனையில் கடை கிடையாது. விளிம்பில் போடப்பட்டிருக்கும் தடுப்பைத் தாண்டிப் படம் எடுக்கப் போக வேண்டாம்.